அத்தை மகன் பாங்காக்கில் இருக்கிறார். மாங்கோஸ்டீன் இறக்குமதி செய்யலாமா?

சென்னையில் பழக்கடை நடத்தும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் பகுதியையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சாரத்தை மட்டும் தருகிறேன். கோயம்பேட்டில் கொள்முதல் செய்து கடையிலும் வாட்ஸ்அப் குழு வழியாகவும் விற்கிறார். மாங்கோஸ்டீன், ரம்புத்தான் கேட்டு வருபவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். கணவரின் அத்தை மகன் பாங்காக்கில் வேலை பார்க்கிறார். அங்கே ஒரு பழ ஏற்றுமதியாளரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். ஏப்ரல் நடுவில் 300 கிலோ விமானத்தில் வரவழைப்பது திட்டம். பெட்டியில் இடம் மிஞ்சினால் தாய்லாந்துக் கொய்யாவும் பப்பாளியும் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார் அந்த ஏற்றுமதியாளர்.

இவரிடம் ஏற்றுமதி-இறக்குமதி எண் (ஐ.இ.சி.) இல்லை, தெரிந்தவர் ஒருவர் தன் எண்ணைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கடைக்கு மாநில உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கிறது, "சமைக்காத பழத்துக்கு அதுவே போதும்" என்று நம்புகிறார். பைட்டோ சான்றிதழை (பழத்தில் பூச்சி இல்லை என்று அந்நாட்டு அரசு தரும் சான்று) பின்னால் கூரியரில் அனுப்புவதாகவும், பில்லைப் பாதி விலைக்குப் போட்டுத் தருவதாகவும் ஏற்றுமதியாளர் சொல்கிறார். பணத்தை அத்தை மகன் அங்கே கட்டிவிடுவார். இவர் இங்கே அத்தையிடம் ரொக்கமாகக் கொடுத்துவிடுவார். இதற்காக நகையை அடகு வைக்க வங்கியில் பேசியும் வைத்திருக்கிறார். சரக்கு நிறுத்தப்பட்டால் நீதிமன்றம் போய் எடுக்கலாமா என்பது அவருடைய கடைசிக் கேள்வி.

அன்புள்ள சகோதரி,

தாய்லாந்திலிருந்து மாங்கோஸ்டீன் சட்டப்படி இந்தியாவுக்கு வருகிறது, நீங்களும் கொண்டுவரலாம். ஆனால் கடிதத்தில் உள்ள திட்டம் அப்படியே நடந்தால் பழமும் போகும், நகையும் போகும். அதனால் வங்கிக்குப் போவதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், மற்ற எல்லாம் அதில்தான் நிற்கிறது. சுங்க அதிகாரியின் உத்தரவை எதிர்த்து ஆணையரிடம் மேல்முறையீடு செய்ய சுங்கச் சட்டம் 128ஆவது பிரிவு 60 நாள் தருகிறது. உணவுப் பாதுகாப்புத் துறையின் மறுப்புக்கும் மேல்முறையீடு உண்டு. அவசரம் என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். இவ்வளவு உரிமையும் உங்களுக்கு இருக்கிறது. மாங்கோஸ்டீனோ, நன்றாகக் குளிரில் வைத்தாலும் பறித்ததிலிருந்து இரண்டு முதல் நான்கு வாரம்தான் தாங்கும். ரம்புத்தான் இரண்டு வாரம் தாங்கினால் அதிகம். நீங்கள் வழக்கில் வென்று வெளியே வரும்போது பெட்டிக்குள் அழுகல்தான் இருக்கும். எனவே பழ இறக்குமதியில் சட்ட வேலை முழுவதும் பழம் பறிக்கப்படுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். விமான நிலையத்தில் சரிசெய்துகொள்ளலாம் என்று தள்ளிவைக்கும் ஒவ்வொரு தாளும் உங்கள் முதலைத் தின்னும்.

யார் பெயரில் வருகிறது?

தெரிந்தவரின் ஐ.இ.சி.யை இரவல் வாங்குவதை விட்டுவிடுங்கள். அவர் எண்ணில் சரக்கு வந்தால் சுங்கத்தின் பார்வையில் இறக்குமதியாளர் அவர். இறக்குமதி பெர்மிட், உணவு உரிமம், சுங்கத்தில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரி எல்லாம் அவர் பெயரில் இருக்க வேண்டும். பணம் மட்டும் உங்களுடையது. நாளை சிக்கல் வந்தால் பழத்துக்கு உரிமை கோர உங்களிடம் ஒரு தாள் கூட இருக்காது. விசாரணை என்று வந்தால் இருவரும் பதில் சொல்ல வேண்டும். ஐ.இ.சி. வாங்குவது கடினமும் இல்லை. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் (டி.ஜி.எஃப்.டி.) இணையதளத்தில் பான், வங்கிக் கணக்கு, முகவரிச் சான்றோடு விண்ணப்பித்தால் கட்டணம் 500 ரூபாய். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களில் விவரத்தைப் புதுப்பிக்க வேண்டும், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும்கூட. இதை மறந்தால் எண் செயலிழந்துவிடும். அது தெரியவருவது பெரும்பாலும் சரக்கு வந்து நிற்கும் நாளில்தான்.

உணவு உரிமத்திலும் உங்கள் நம்பிக்கை சரியில்லை. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பழமும் உணவுதான். கடைக்கு வாங்கிய மாநில உரிமம் கடைக்கு மட்டுமே செல்லும். இறக்குமதி செய்பவர் எவ்வளவு சிறியவராக இருந்தாலும், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும், மத்திய உரிமம் வேண்டும். உணவு உரிமத்துக்கான ஃபாஸ்காஸ் இணையதளத்தில் 'இறக்குமதியாளர்' என்ற வகையில், ஐ.இ.சி.யில் உள்ள அதே முகவரிக்கு விண்ணப்பியுங்கள். முகவரி ஓர் எழுத்து மாறினாலும் கேள்வி வரும்.

அட்டவணையில் ஒரு வரி

இனி முக்கியமான இடம். வெளிநாட்டுப் பழம் எது வரலாம், எது வரக்கூடாது என்பதைத் தீர்மானிப்பது 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை. அதற்கு அடிப்படை 1914ஆம் ஆண்டின் பூச்சிகள் சட்டம். ஆணையின் பின்னால் அட்டவணைகள் உண்டு. புதிய பழங்கள் பெரும்பாலும் ஆறாவது அட்டவணையில் இருக்கும். அதில் ஒவ்வொரு வரியிலும் தாவரத்தின் பெயர், எந்தப் பகுதி (உண்பதற்கான பழமா, விதையா, கன்றா), எந்த நாடு, அந்த நாட்டு அதிகாரி எழுதித் தர வேண்டிய கூடுதல் உறுதிமொழி, தனி நிபந்தனை ஆகியவை வரிசையாக இருக்கும்.

பழம், பகுதி, நாடு மூன்றும் ஒரே வரியில் பொருந்தினால்தான் அனுமதி. தாய்லாந்துக்கு உள்ள வரியை வைத்து வியட்நாம் பழத்தைக் கொண்டுவர முடியாது. வியட்நாமில் விளைந்து பாங்காக்கில் பெட்டி மாற்றப்பட்ட பழம் வியட்நாம் பழம்தான். உங்கள் சேர்க்கை அட்டவணையில் இல்லையென்றால் அந்த நாடு கேட்டு, இங்கே பூச்சி ஆபத்து ஆய்வு நடந்து, அரசு அறிவிக்கை வர வேண்டும். ஒரு கடைக்காரர் காத்திருக்கும் அளவிலான வேலை அது இல்லை. அந்தப் பழத்தை மறந்துவிடுவதே நல்லது.

அட்டவணை நிலையானது என்றும் எண்ணிவிடாதீர்கள். சீன ஆப்பிளும் பேரிக்காயும் 2017இல் பூச்சி காரணமாக நிறுத்தப்பட்டன. ஈரான் கிவி, செதில் பூச்சியோடு திரும்பத் திரும்ப வந்ததால் 2021 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. போன வருடம் வந்தது என்று சந்தையில் சொல்வதை ஆதாரமாகக் கொள்ளாமல், ஆர்டர் கொடுக்கும் வாரத்தில் திருத்தங்கள் சேர்ந்த அட்டவணையைப் பாருங்கள். மீனம்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள மண்டலத் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையத்துக்கே நேரில் போய்க் கேட்கலாம். பழத்தின் தாவரவியல் பெயரை எழுதி எடுத்துச் செல்லுங்கள்: மாங்கோஸ்டீனுக்கு கார்சினியா மாங்கோஸ்டானா, ரம்புத்தானுக்கு நெஃபீலியம் லப்பாசியம். கடைப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைப் பெயருக்கான பதில்தான் கிடைக்கும்.

அட்டவணையில் உங்கள் பழத்துக்கான வரி இருக்கிறது என்று உறுதியானபின் இறக்குமதி பெர்மிட். தாவரத் தொற்றுத்தடுப்பு இணையதளத்தில் உங்கள் பெயரில், ஏற்றுமதியாளர் பெயர், நாடு, அளவு, வந்திறங்கும் இடம் 'சென்னை விமான நிலையம்' என்று தெளிவாகக் குறித்து விண்ணப்பிக்க வேண்டும். பெர்மிட்டை வேறொருவருக்கு மாற்றித் தர முடியாது. கையில் பெர்மிட் வந்து, அதன் நகல் தாய்லாந்து போய்ச் சேர்ந்த பிறகே அங்கே பழம் பறிக்கச் சொல்லுங்கள்.

கொய்யாவும் பப்பாளியும் இடத்தை நிரப்பச் சேர்ப்பதற்கான பொருட்கள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் அட்டவணையில் தனி வரி, தனி உறுதிமொழி வேண்டும். பப்பாளிக்கு இன்னொன்றும் உண்டு: மரபணு மாற்றம் செய்யப்படாதது என்று ஏற்றுமதி நாட்டின் உரிய அரசு அமைப்பு தரும் சான்று. 2021 மார்ச் முதல் 24 பயிர்களுக்கு இது கட்டாயம். பப்பாளி, ஆப்பிள், அன்னாசி, தக்காளி, குடைமிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளன. மாங்கோஸ்டீனும் ரம்புத்தானும் இல்லை. ஒரே சரக்கில் ஒரு பெட்டிப் பப்பாளி சிக்கினால் மற்ற பெட்டிகளும் அதோடு நிற்கும். முதல் தடவை ஒரே பழம் போதும்.

பைட்டோ பின்னால் வராது

உங்கள் ஏற்றுமதியாளர் சொன்னதில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். பைட்டோ என்பது தாய்லாந்து வேளாண் துறை அந்தப் பெட்டிகளைச் சோதித்து, இந்தியா கேட்கும் பூச்சிகள் இல்லை என்று தரும் சான்று. பழம் புறப்படுவதற்கு முன் சோதித்தால்தான் அதற்கு அர்த்தம். பின்னால் அனுப்புகிறேன் என்பவர் ஒன்று சோதனை செய்யப் போவதில்லை, அல்லது வேறொரு சரக்கின் தாளை அனுப்பப் போகிறார். இரண்டிலும் பழம் மீனம்பாக்கத்தில் நின்றுவிடும்.

அனுப்பும் முன் பைட்டோவின் வரைவை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பாருங்கள். நீங்களே சரிபார்க்கக்கூடியவை இவை. தாவரவியல் பெயர் பெர்மிட்டில் உள்ளபடி இருக்கிறதா? பெட்டி எண்ணிக்கையும் எடையும் பில்லோடும் பேக்கிங் லிஸ்ட்டோடும் ஒத்துப்போகிறதா? உங்கள் பெயர், முகவரி, சென்னை என்ற இறங்குமிடம் சரியா? எல்லாவற்றுக்கும் மேலாக, கூடுதல் உறுதிமொழி பெர்மிட்டில் உள்ள வாசகத்தோடு சொல்லுக்குச் சொல் பொருந்துகிறதா? "பூச்சிகள் இல்லை" என்று பொதுவாக எழுதினால் போதாது. எந்தப் பூச்சியின் பெயர் கேட்கப்பட்டதோ அதுவே இருக்க வேண்டும். குளிரூட்டல் போன்ற சிகிச்சை கேட்கப்பட்டிருந்தால் வெப்பநிலையும் கால அளவும் சிகிச்சைக்கான கட்டத்தில் நிரப்பப்பட்டிருக்க வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் புதிதாக வாங்கச் சொல்லுங்கள்.

தாள் சரியாக இருந்து பழத்தில் உயிரோடு பூச்சி இருந்தாலும் பயனில்லை. மாங்கோஸ்டீனின் பச்சைக் காம்பிதழ்களுக்கு அடியில் மாவுப்பூச்சி ஒளிந்துகொள்ளும். அதைத் தேடி எறும்பும் வரும். மேலோட்டமாகத் துடைத்தால் போகாது, இதழுக்கு அடியில் காற்றடித்தும் தூரிகை போட்டும் சுத்தம் செய்ய வேண்டும். பேக்கிங் கூடத்தில் இதைச் செய்கிறார்களா என்று அத்தை மகனை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் உங்களுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி பணம் கட்டுவது இல்லை, இதுதான். ரம்புத்தானை இலையோடு கொத்தாக அனுப்பினால் பார்க்க அழகாக இருக்கும், இங்கே நிராகரிக்கப்படும். அனுமதி பழத்துக்கு மட்டுமே, இலைக்கும் கிளைக்கும் இல்லை. வைக்கோல், மண், காய்ந்த சருகு எதுவும் பெட்டியில் இருக்கக்கூடாது. மரப் பலகைமேல் அடுக்கினால் அந்தப் பலகையில் சர்வதேசச் சிகிச்சை முத்திரை இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பலகை என்றால் அந்தக் கவலையே இல்லை.

ஏப்ரல் நடு என்று எழுதியிருக்கிறீர்கள். 13 முதல் 15 வரை தாய்லாந்தில் சொங்க்ரான் புத்தாண்டு, அரசு அலுவலகம் இயங்காது, பைட்டோ கிடைக்காது. 14ஆம் தேதி இங்கேயும் விடுமுறை. தாய்லாந்தின் சந்தபுரி பகுதி மாங்கோஸ்டீன் ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரை வருகிறது. மே முதல் பாதியில் திட்டமிட்டால் வரத்தும் கூடியிருக்கும், விலையும் இறங்கியிருக்கும். திங்கள் முதல் புதன் வரை காலையில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். வெள்ளி இரவு இறங்கினால் சரக்கு முனையம் திறந்திருந்தாலும், ஆய்வு செய்யும் அதிகாரியும் ஆய்வகமும் உங்களுக்காகத் திறந்திருக்க மாட்டார்கள்.

பணமும் பில்லும்

அத்தை மகன் அங்கே கட்ட, நீங்கள் இங்கே அத்தையிடம் கொடுப்பது குடும்பத்துக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல் போலத் தோன்றும். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கண்ணில் அது வங்கியைத் தவிர்த்து வெளிநாட்டுக்குச் செய்த பணப்பட்டுவாடா. தொகையைப்போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம், அதில் அத்தையும் சிக்குவார். சட்டம் ஒருபுறம் இருக்க, நடைமுறையிலும் இது உங்களுக்கே பாதகம். வங்கி வழியாகப் பணம் போனால் அந்தத் தொகையும் உங்கள் பில் ஆஃப் என்ட்ரியும் கணினியில் பொருத்திப் பார்க்கப்படும். பணம் போன தடம் இல்லாமல் பழம் வந்தால் 'எப்படிக் கட்டினீர்கள்' என்ற கேள்வி பிறகு வரும். உங்கள் நடப்புக் கணக்கு உள்ள வங்கியில் புரோஃபார்மா பில்லை (சரக்கு அனுப்பும் முன் தரும் விலைப் பில்) கொடுத்து, நேராக ஏற்றுமதியாளர் கணக்குக்கு அனுப்புங்கள்.

பாதி விலைக்கு பில் போடுவதை ஏற்காதீர்கள். அதே பழம் அதே வாரத்தில் மற்றவர்களுக்கு என்ன விலைக்கு வந்தது என்பது சுங்கத்தின் தரவில் இருக்கிறது. மதிப்பைச் சந்தேகித்தால் 2007 சுங்க மதிப்பீட்டு விதிகளின் 12ஆவது விதிப்படி விளக்கம் கேட்பார்கள், அதற்குள் நாட்கள் போய்விடும். பொய் மதிப்பு என்று நிரூபணமானால் சரக்கைப் பறிமுதல் செய்ய சுங்கச் சட்டத்தின் 111ஆவது பிரிவும், அபராதத்துக்கு 112ஆவது பிரிவும் இருக்கின்றன. தெரிந்தே பொய் ஆவணம் கொடுத்ததற்கு 114ஏஏ பிரிவில் சரக்கு மதிப்பைப்போல ஐந்து மடங்கு வரை அபராதம் போகலாம்.

இவ்வளவு ஆபத்தை எதற்காகச் சுமக்க வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 கிலோவின் விலை ₹1,20,000, விமானக் கட்டணம் ₹45,000 என்று வைத்துக்கொள்வோம். சுங்க மதிப்பில் விமானக் கட்டணத்தைச் சரக்கு விலையில் 20 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக்கூடாது என்பது விதி. ஆக ₹24,000 மட்டுமே சேரும். காப்பீட்டுத் தொகை தெரியாவிட்டால் 1.125 சதவீதம், அதாவது ₹1,350. மொத்த மதிப்பு ₹1,45,350. அடிப்படை வரி 30 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் ₹43,605. அதன்மேல் 10 சதவீதச் சமூகநலக் கூடுதல் வரியாக ₹4,360. சுமார் ₹48,000 கட்ட வேண்டும். புதிய பழத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

இதைக் குறைக்க நேர்மையான வழி இருக்கிறது. ஆசியான் நாடுகளோடும், தனியாகத் தாய்லாந்தோடும் இந்தியாவுக்கு வர்த்தக ஒப்பந்தங்கள் உண்டு. உங்கள் பழத்துக்குச் சலுகை இருந்தால், அந்த ஒப்பந்தத்துக்கான விளைவிடச் சான்றிதழை ஏற்றுமதியாளர் அங்கே அரசிடம் வாங்கி அனுப்ப வேண்டும். எந்த ஒப்பந்தத்தில் வரி குறைவு என்று சுங்க வேலைகளை உங்கள் சார்பில் செய்யும் கஸ்டம்ஸ் புரோக்கரிடம் முதலில் கேட்டு, அதற்கான சான்றிதழை மட்டும் கேளுங்கள். ஒன்றின் சான்றை வைத்து மற்றொன்றின் சலுகையைப் பெற முடியாது. 2020 முதல், பழம் உண்மையிலேயே அந்த நாட்டில் விளைந்தது என்பதற்கான விவரத்தை இறக்குமதியாளரும் வைத்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். தோட்டம், மாவட்டம், பேக்கிங் கூடம் பற்றி ஏற்றுமதியாளர் கையெழுத்திட்ட ஒரு தாளை முதல் சரக்கிலேயே வாங்கிக் கோப்பில் போட்டுவிடுங்கள்.

மீனம்பாக்கத்தில் என்ன நடக்கும்?

விமானம் இறங்கும் முன்பே புரோக்கர் சுங்கத்தின் ஐஸ்கேட் இணையதளத்தில் பில் ஆஃப் என்ட்ரி போட்டுவிட வேண்டும். தாமதமானால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு ₹5,000, அதன்பின் ₹10,000. 2016 முதல் ஒற்றைச் சாளர முறை இருப்பதால் அந்த ஒரே பதிவு தாவரத் தொற்றுத்தடுப்புத் துறைக்கும் உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் தானாகப் போகும். முதல் துறை பூச்சியைப் பார்க்கும். இரண்டாவது துறை அழுகல், லேபிள், பூச்சிமருந்து எச்சம் ஆகியவற்றைப் பார்க்கும். இரண்டும் விடுவித்த பிறகே சுங்கம் வெளியே விடும். ஒரு துறையின் அனுமதி மற்றதற்கு ஈடாகாது.

எச்சத்தை அலட்சியம் செய்யாதீர்கள். இந்தியாவில் ஒரு மருந்துக்குத் தனி அளவு வகுக்கப்படவில்லை என்றால் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் வரம்பு. தாய்லாந்தில் சட்டப்படி தெளித்த மருந்தாகவே இருந்தாலும் இங்கே தோல்வியடையலாம். ஏற்றுமதியாளரிடம் அண்மைய ஆய்வக அறிக்கை கேளுங்கள். மிகக் குறைந்த ஆயுள் உள்ள உணவுக்கு மாதிரி எடுத்தபின், முடிவு வரும் முன்பே தற்காலிகத் தடையின்மைச் சான்று தர 2017 இறக்குமதி விதிகளில் இடம் இருக்கிறது. உங்கள் பழத்துக்கு அது கிடைக்குமா என்று புரோக்கரிடம் கேளுங்கள். அப்படி வாங்கிக்கொண்டு வந்தபின் முடிவு மோசமாக வந்தால் விற்ற பழத்தைத் திரும்பப் பெறும் பொறுப்பும் உங்களுடையது. எனவே யாருக்கு எத்தனை பெட்டி கொடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். உங்கள் வாட்ஸ்அப் குழு இதற்கு உதவும்.

பூச்சி கிடைத்தால் மூன்று வழிகள்: புகையூட்டல் போன்ற சிகிச்சை, திருப்பி அனுப்புதல், அழித்தல். மூன்றும் உங்கள் செலவு. மென்மையான பழத்தில் மெத்தில் புரோமைடு புகை அடித்தால் பூச்சி சாகும், பழத்தின் நிறமும் மணமும் கெடும். திருப்பி அனுப்பும் கட்டணம் பழத்தின் விலையைத் தாண்டிவிடும். பெரும்பாலும் அழிப்பதில்தான் முடியும். அந்த நிலை வந்தால் டெமரேஜ் (தாமதத்துக்கான இடவாடகை) ஏற விட்டுக் காத்திருக்காமல், விடுவிப்பு உத்தரவு பிறக்கும் முன்பே சுங்கச் சட்டத்தின் 23(2) பிரிவின்கீழ் சரக்கின்மேல் உள்ள உரிமையை விட்டுக்கொடுத்தால் சுங்க வரி கட்ட வேண்டியதில்லை. குற்றம் நடந்ததாகக் கருதப்படும் சரக்குக்கு இந்த வழி கிடையாது; பாதி விலை பில் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். எடுக்காமல் விட்டால், அழுகும் பொருளை 30 நாள் காத்திராமல் எப்போது வேண்டுமானாலும் விற்க 48ஆவது பிரிவு இடம் தருகிறது.

மாதிரிக்கு என்று அத்தை மகன் பெட்டியில் பத்துக் கிலோ எடுத்துவரலாம் என்ற யோசனையும் வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு 2 கிலோவுக்குக் குறைவான பழத்துக்குத்தான் பைட்டோவும் பெர்மிட்டும் இல்லாத விலக்கு. விற்பனைக்கோ வாடிக்கையாளருக்குச் சுவைக்கக் கொடுப்பதற்கோ அந்த விலக்கு பொருந்தாது.

இழப்பு யார் தலையில்?

பாங்காக்கில் பேசி முடிக்கும்போது எழுத்தில் இருக்க வேண்டியவை சில. பூச்சியாலோ ஆவணப் பிழையாலோ நிராகரிக்கப்பட்டால் விலையும் அழிப்புச் செலவும் விற்பவருடையது. முழுப் பணமும் முன்பணமாக வேண்டாம். ஒரு பகுதியைச் சரக்கு விடுபட்டபின் கட்டுவதாக வையுங்கள். ஒவ்வொரு சரக்கிலும் வெப்பப் பதிவுக் கருவி ஒன்று. மாங்கோஸ்டீனுக்கு 13 டிகிரி ஒட்டி இருக்க வேண்டும்; அதைவிட மிகவும் குளிர்ந்தால் தோல் கட்டையாக இறுகி, கையால் பிளக்க முடியாமல் போகும். ரம்புத்தானுக்கு ஈரப்பதம் குறைந்தால் ரோமம் கறுத்துவிடும். உள்ளே நன்றாக இருந்தாலும் வாங்க ஆள் இருக்காது. இந்தக் குறை யாரால் வந்தது என்று காட்ட அந்தக் கருவியின் பதிவுதான் சாட்சி. பெட்டி திறந்த 24 மணி நேரத்துக்குள் படத்தோடு புகார் செய்யும் உரிமையையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காப்பீடு எல்லாவற்றையும் ஏற்கும் என்று நம்ப வேண்டாம். வழக்கமான சரக்குக் காப்பீட்டில் தாமதத்தால் வரும் அழுகலும், அரசு நிராகரிப்பும் சேராது. புரோக்கரைத் தேர்ந்தெடுக்கும்போது விமானத்தில் வரும் பழம், பூ, மீன் கையாண்டவராகப் பாருங்கள். இயந்திரம் மட்டும் இறக்கியவருக்கு ஒரு மணி நேரத்தின் விலை தெரியாது. அவர் தவறு செய்தாலும் சுங்கத்தின் முன் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான் என்பதால் பில் ஆஃப் என்ட்ரி வரைவைப் படித்துப் பார்த்தபின் அனுப்பச் சொல்லுங்கள்.

கப்பலில் ரீஃபர் (குளிரூட்டிய) கண்டெய்னர் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு கண்டெய்னரை நிரப்பும் அளவு விற்பனை உங்களுக்கு இன்னும் இல்லை. பயணத்திலேயே பழத்தின் ஆயுளில் பாதி போய்விடும். மணலி, மாதவரம் பக்கத்துச் சரக்கு நிலையத்தில் ஒரு நாள் கூடுதலாக நின்றாலும் மின் இணைப்புக் கட்டணம், கண்டெய்னர் வாடகை, இடவாடகை மூன்றும் ஏறும். இப்போது வேண்டாம்.

இந்த சீசனுக்கு என் ஆலோசனை இது. ஐ.இ.சி.யும் மத்திய உரிமமும் உங்கள் பெயரில் வாங்கும் வேலையை இன்றே தொடங்குங்கள்; கடை நடக்கும்போதே அது ஓடட்டும். அதுவரை, தாய்லாந்துப் பழத்தை முறையாக இறக்கும் ஒருவரிடமிருந்து சென்னையிலேயே பில்லோடு வாங்கி விற்றுப் பாருங்கள். எண் தருவதாகச் சொன்ன நண்பர் உண்மையில் இறக்குமதி செய்பவர் என்றால், அவர் தன் பணத்தில் தன் உரிமத்தில் இறக்கி உங்களுக்கு விற்கலாம். அது முற்றிலும் சட்டப்படியானது. கிலோவுக்கு லாபம் குறையும். ஆனால் வாரத்துக்கு எத்தனை கிலோ நிஜமாகப் போகிறது, எத்தனை கிலோ கழிவாகிறது என்று உங்கள் கணக்கிலேயே தெரியும். ஜூன் கடைசியிலிருந்து குற்றாலம், கல்லாறு, பர்லியாறு மாங்கோஸ்டீனும் கேரள ரம்புத்தானும் சந்தைக்கு வந்துவிடும், விலை விழும். விமானப் பழத்துக்கு இடம் ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடு வரைதான். அந்தச் சில வாரங்களில் வாரம் 300 கிலோ போகவில்லை என்றால், அடுத்த வருடமும் நீங்கள் நேரடியாக இறக்க வேண்டிய அவசியமில்லை. போனால், தை மாதத்திலேயே பெர்மிட்டுக்கு விண்ணப்பியுங்கள். முதல் சரக்கை, முழுவதும் அழிக்கப்பட்டாலும் கடை வாடகையும் வீட்டுச் செலவும் தடைபடாத தொகைக்கு மட்டும், கையில் உள்ள பணத்தில் வரவழையுங்கள். அந்தத் தொகை 100 கிலோவுக்குத்தான் வருகிறது என்றால் 100 கிலோவே போதும். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.